பழைய டிஸ்க்கைத் தொடாமல் பழைய கொம்பியூட்டருக்குப் புது ஓஎஸ்

வன்னியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்க்டொப் கொம்பியூட்டர்களில் கனக்க, மீள்குடியேற்றத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் வந்தவை. பாடசாலை ஆய்வுகூடம், கூட்டுறவுச் சங்க அலுவலகம், சந்தியில் உள்ள கொமினிகேசன் கடை, வீட்டில் பிள்ளைகளின் மேசை என்று இப்போதும் வேலை செய்கின்றன. பெட்டி நல்ல நிலையில்தான் இருக்கும். உள்ளே இருக்கும் விண்டோஸ் 7தான் காலாவதியாகிவிட்டது. பாடப்புத்தகம் பணிசெயல் முறைமை என்று சொல்வதைக் கடையில் ஓஎஸ் என்பார்கள். இங்கும் அப்படியே எழுதுகிறோம்.

விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 உடன் நின்றன. 8.1க்கு 2023 ஜனவரி 10. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14. விண்டோஸ் 7, 8.1 இரண்டுக்கும் குரோம் பிரவுசரின் கடைசிப் பதிப்பு 109. புதிய இணையத்தளங்கள் அந்தப் பழைய பிரவுசரில் பாதி திறந்து பாதி திறவாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். இன்ரநெற் வேகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரு முடிவின்மேல் நிற்கிறது. புது ஓஎஸ்ஸைப் பழைய ஹாட் டிஸ்க்கில் போடாதீர்கள். ஒரு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) வாங்கி அதில் போடுங்கள். பழைய டிஸ்க் கழற்றியபடியே அலுமாரியில் இருக்கட்டும். நடுவில் கரண்ட் போனாலும், தவறான பட்டனை அழுத்தினாலும், பிறின்டர் புது ஓஎஸ்ஸோடு ஒத்துவராமல் போனாலும், பழைய டிஸ்க்கின் கேபிளை மீண்டும் செருகினால் நேற்றைய கொம்பியூட்டர் அப்படியே திரும்பி வரும். பழைய விண்டோஸின்மேலேயே புதியதை ஏற்றும் முறையில் இந்தப் பின்வழி மிகவும் பலவீனமானது. கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில் அதை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை.

முதலில் மூடியைக் கழற்றுங்கள்

மென்பொருளைப் பற்றி யோசிக்க முன்னர் பெட்டியைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்னைப் போக்கிய பிறகு பக்க மூடியைத் திறவுங்கள். சோளகக் காற்றுக் காலத்தில் செம்மண் புழுதி புறோசசர் விசிறிக்குக் கீழே உள்ள அலுமினியத் தகடுகளின் இடுக்கில் பாய்போலப் படிந்துவிடும். காற்று ஏறாது, புறோசசர் கொதிக்கும், தன்னைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். “விண்டோஸ் ஸ்லோவாகிப் போச்சு” என்று கொண்டுவரும் கொம்பியூட்டர்களில் இந்தக் குறையும் இருக்கும். நிறுவும்போது புறோசசர் நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓடும். புழுதியோடு தொடங்கினால் நடுவில் அணைந்துவிடக்கூடும்.

காய்ந்த பெயின்ட் தூரிகையும் புளோவரும் போதும். காற்று அடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அதிவேகமாகச் சுழன்றால் அதன் அச்சு கெடும். புறோசசருக்கும் விசிறித் தகட்டுக்கும் இடையில் உள்ள தேர்மல் பேஸ்ட் பத்து வருடத்தில் சுண்ணாம்புபோல் காய்ந்திருக்கும். இன்டெல்லின் வழமையான விசிறிக்கு நான்கு கறுப்புக் குமிழ்கள் உண்டு. ஒவ்வொன்றையும் அதன்மேல் உள்ள அம்புக்குறிப் பக்கமாக, அதாவது மணிக்கூட்டு முள்ளுக்கு எதிராக, கால் சுற்றுத் திருப்பி மேலே இழுத்தால் விசிறி கழன்றுவிடும். பழைய பேஸ்டைத் துணியால் துடைத்து, பயறு அளவு புதிய பேஸ்டை நடுவில் வைத்து, குமிழ்களைப் பழைய இடத்துக்குத் திருப்பி, எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். நான்கும் “டிக்” என்று பூட்ட வேண்டும். ஒன்று பூட்டாவிட்டாலும் விசிறி சரிந்து நின்று வெப்பம் ஏறும்.

பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் கொள்ளளவிகளில் (கப்பாசிற்றர்) ஆபத்தான மின் தேங்கி நிற்கும். மதர்போட்டில் உள்ள சிறு உருளைக் கொள்ளளவிகளின் தலை வீங்கியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்தப் போட்டுக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

வட்டப் பற்றரியையும் இப்போதே மாற்றிவிடுங்கள். சிஆர்2032 என்று எழுதியிருக்கும், 3 வோல்ற். அது செத்தால் ஒவ்வொரு முறையும் திகதி பல வருடம் பின்னுக்குப் போகும். திகதி பிழைத்தால் பிரவுசர் எந்தப் பாதுகாப்பான தளத்தையும் நம்பாது, அப்டேட்டும் இறங்காது. புது ஓஎஸ் போட்ட பிறகும் “இன்ரநெற் வேலை செய்யுதில்லை” என்று மண்டையை உடைக்க முன்னர் மணிக்கூட்டைப் பாருங்கள்.

எந்தப் புறோசசருக்கு எது

ஓடுகின்ற விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவைத் திறந்து “சிஸ்டம் இன்ஃபர்மேசன்” என்று தேடுங்கள். புறோசசர் பெயர், கொம்பியூட்டர் அல்லது மதர்போட் மாதிரி, றாம் அளவு எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். விண்டோஸ் 8.1, 10 இல் பயோஸ் மோட் (கொம்பியூட்டரை எழுப்பும் அடிப்படைப் புறோகிராமின் முறை) என்ற வரியும் உண்டு, விண்டோஸ் 7இல் அது இராது. பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

கோர் 2 டுவோ, பென்டியம் டுவல் கோர் ஈ5000 வரிசை என்றால் மதர்போட் பெரும்பாலும் ஜி31 அல்லது ஜி41. இதற்கு இன்றைய விண்டோஸ் 11 எந்த வழியாலும் வராது. 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11 எதிர்பார்க்கும் சில கட்டளைகள் இந்தப் புறோசசர்களில் பிறவியிலேயே கிடையாது; அதை ஏமாற்றும் தந்திரம் எதுவும் இல்லை. விண்டோஸ் 10 ஏறும், ஆனால் இழுத்து இழுத்து ஓடும். இந்தப் பெட்டிக்கு, விண்டோஸுக்குப் பதிலாகப் பாவிக்கக்கூடிய இலவச ஓஎஸ்ஸான லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்புத்தான் எங்கள் தெளிவான பரிந்துரை.

இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ3, ஐ5, அதே காலப் பென்டியம் ஜி வரிசை என்றால் மதர்போட் பெரும்பாலும் எச்61 ஆக இருக்கும். நான்காம் தலைமுறை என்றால் எச்81. இவை இன்னும் நல்ல பெட்டிகள். மின்டும் ஓடும், விண்டோஸ் 10உம் ஓடும். விண்டோஸ் 11ஐ மைக்ரோசொஃப்ட் இவற்றுக்கு அனுமதிப்பதில்லை. எட்டாம் தலைமுறை இன்டெல், டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சில்லு), செக்கியூர் பூட் (எழும்பும்போது ஓஎஸ்ஸைச் சரிபார்க்கும் வசதி) கேட்கும். அந்தச் சோதனையைத் தாண்டி ஏற்ற வழி உண்டு. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டியிருக்கும். ஆய்வுகூடத்தில் 15 கொம்பியூட்டரைப் பொறுப்பெடுத்திருக்கும் ஆசிரியருக்கு அது பெரிய சுமை.

விண்டோஸ் 10ஐ எப்போது தெரிவுசெய்வது? விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருள் ஒன்று அலுவலகத்தில் இருந்தால், அல்லது பிறின்டர் அடம்பிடித்தால். அப்போதும் 22எச்2 பதிப்பைப் போட்டு, மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்து, விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் நீடித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிவுசெய்தால் 2026 ஒக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும். அதற்குப் பிறகு அந்தக் கொம்பியூட்டரை இன்ரநெற்றில் இருந்து விலக்கி வைப்பதுதான் முறை. மின்ட் 22 வரிசைக்கோ 2029 வரை திருத்தங்கள் உண்டு, உரிமக் கட்டணமும் இல்லை.

உரிமத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விண்டோஸ் 7 சாவியால் விண்டோஸ் 10ஐ இயக்கும் வழியை மைக்ரோசொஃப்ட் 2023 செப்டெம்பரில் மூடிவிட்டது. அதே மதர்போட்டில் முன்னர் எப்போதாவது விண்டோஸ் 10 முறையாக இயக்கப்பட்டிருந்தால் புது எஸ்எஸ்டியிலும் அது தானாக இயங்கும். உரிமம் மதர்போட்டோடு கட்டப்பட்டது. அப்படி இல்லையென்றால் புது உரிமம் வாங்க வேண்டும். “அக்டிவேற்றர்” என்று கையில் தரும் சிறு புறோகிராம்களைத் தொடவே வேண்டாம். வைரஸ் காப்பை நிறுத்திவிட்டு ஓட்டச் சொல்வார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சங்கத்துக் கடன் கணக்கும் அங்கத்தவர் விபரமும் இருக்கும் பெட்டியில் அதை ஓட்டுவது பெரிய தவறு.

றாம், எஸ்எஸ்டி

மின்டுக்கு 2 ஜிபி றாம் குறைந்த அளவு, 4 ஜிபி இருந்தால் வேலை நிம்மதியாக நடக்கும். விண்டோஸ் 10க்கு 4 ஜிபியில் தொடங்குங்கள், 8 ஜிபி இருந்தால்தான் பிரவுசரும் வேர்ட்டும் ஒன்றாகத் திறந்திருக்கும். ஜி31 போட்டில் 4 ஜிபிதான் உச்சம், அதுவும் டிடிஆர்2. எச்61 போட்டில் இரண்டு இடுக்கு, மொத்தம் 16 ஜிபி வரை, டிடிஆர்3.

ஜி41 போட்தான் ஆட்களைக் கடைக்கும் வீட்டுக்குமாக அலைக்கழிப்பது. டிடிஆர்3 எடுக்கும் ஜி41இல் 4 ஜிபி றாம் ஒன்றைச் செருகினால் பீப் சத்தம் மட்டும் வரும், திரை கறுப்பாகவே இருக்கும். றாம் பழுது என்று கடைக்காரரோடு வாதாடுவார்கள். பழுது இல்லை. இப்போது கிடைக்கும் 4 ஜிபி றாம்களில் பெரிய கொள்ளளவுச் சில்லுகள் எட்டுத்தான் இருக்கும். ஜி41 அந்தச் சில்லுகளைப் படிக்காது. இரண்டு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு சில்லு உள்ள பழைய 4 ஜிபி றாம்தான் வேண்டும். வாங்கும்போதே திருப்பிப் பார்த்து எண்ணுங்கள். “ஏஎம்டிக்கு மட்டும்” என்று விற்கும் மலிவு றாம் இன்டெல் போட்டுகளில் வேலை செய்யாது. பழைய றாமைக் கழற்றினால் பொன்னிறப் பல்வரிசையை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் தூளைத் தட்டிவிட்டுச் செருகுங்கள். சத்தம் மட்டும் கேட்டு எழும்பாத பெட்டிகள் இந்த வேலையோடேயே எழும்பிவிடுவதுண்டு.

எஸ்எஸ்டிக்கு 240 ஜிபி போதும். எச்61இலும் ஜி41இலும் சாட்டா (டிஸ்க்கை மதர்போட்டோடு இணைக்கும் துறை) வேகம் நொடிக்கு 3 கிகாபிட்தான், ஆகவே பெட்டியில் எழுதியிருக்கும் உச்ச வேகத்தில் பாதிதான் கிடைக்கும். கவலை வேண்டாம். பழைய டிஸ்க்கின் ஊசி அங்குமிங்கும் ஓடித் தேடும் நேரம் இல்லாமல் போவதுதான் உண்மையான இலாபம். நிமிடக் கணக்கில் எழும்பிய கொம்பியூட்டர் அரை நிமிடமளவில் எழும்பும். எச்81இல் 6 கிகாபிட் துறைகள் இரண்டு உண்டு, அவை எவை என்று போட்டின்மேல் அச்சிட்டிருக்கும், எஸ்எஸ்டியை அதில் கொடுங்கள். பவர் சப்ளையில் சாட்டா மின்முனை மிச்சம் இல்லையென்றால் பழைய நாலுகம்பி முனையில் இருந்து மாற்றும் கேபிள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டிக்குள் சுழலும் பாகம் எதுவும் இல்லாததால் பெட்டியின் அடித்தட்டில் இருபக்கப் பசைநாடாவால் ஒட்டினாலும் போதும்.

கழற்ற முன்னர் எடுத்து வைக்க வேண்டியவை

பழைய டிஸ்க் அப்படியே இருக்கப்போகிறது என்றாலும் முக்கிய கோவைகளுக்கு இன்னொரு பிரதி வேண்டும். பத்து வருட டிஸ்க்கை நம்ப முடியாது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசப் புறோகிராமில் டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளிலும் பூச்சியம் இருந்தால் நல்லது. சி5இல் எண் ஏறியிருந்தால் படிக்க முடியாத இடங்கள் தோன்றத் தொடங்கிவிட்டன. வேறு எந்த வேலையும் செய்யாமல் கோவைகளைப் பிரதியெடுங்கள்.

டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லோருக்கும் ஞாபகம் வரும். மறக்கப்படுபவை வேறு. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை ஏற்றுமதி செய்து எடுங்கள். புது பிரவுசரில் ஏற்றிய பிறகு அந்தக் கோவையை அழித்துவிடுங்கள், அதில் எல்லாம் வெளிப்படையாக எழுதியிருக்கும். கணக்கு மென்பொருளின் தரவை அந்த மென்பொருளின் “பக்அப்” பட்டனாலேயே எடுங்கள், ஃபோல்டரைப் பிரதியெடுத்தால் சிலவேளை திறக்காது. டொஸ் காலத்துப் பழைய கணக்குப் புறோகிராம் ஏதும் இருந்தால் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்: 64 பிட் விண்டோஸில் 16 பிட் புறோகிராம்கள் ஓடவே மாட்டா.

எங்கள் பக்கத்தில் மிகவும் மறக்கப்படுவது எழுத்துரு. கடிதங்கள், வினாத்தாள்கள், கூட்ட அறிக்கைகள் என்று வருடக்கணக்கில் பாமினி என்ற பழைய, யுனிகோட் அல்லாத தமிழ் எழுத்துருவில் அடித்த கோவைகள் இருக்கும். புது ஓஎஸ்ஸில் பாமினி இல்லை. கோவையைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். பாமினியில் மெய்யெழுத்துப் புள்ளிக்கு உரிய விசை அரைப்புள்ளி, அதனால்தான். கோவை கெட்டுவிட்டது என்று பயந்து அழித்துவிடாதீர்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபொன்ட்ஸ் என்று இருக்கும். அதில் இருந்து பாமினியையும் நீங்கள் பாவித்த மற்றத் தமிழ், சிங்கள எழுத்துருக்களையும் பென் டிரைவுக்குப் பிரதியெடுங்கள். லதா எழுத்துருவில் அடித்தவர்கள் விண்டோஸ் 10இல் “தமிழ் மேலதிக எழுத்துருக்கள்” என்ற விருப்பத் தொகுதியைச் செற்றிங்ஸில் சேர்த்தால் லதா வந்துவிடும்.

பிறின்டரையும் இப்போதே விசாரியுங்கள். கனொன் எல்பிபி 2900 வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸ் 10, 64 பிட்டில் ட்ரைவர் உண்டு. லினக்ஸில் அதன் ட்ரைவர் மிகவும் கரைச்சல் பிடித்தது. அந்தப் பிறின்டரை நம்பித் தொழில் செய்யும் கொமினிகேசன் கடை என்றால் விண்டோஸ் 10உடன் இருங்கள். எச்பி லேசர்ஜெட் 1020, பி1102 போன்றவை மின்டில் ஓடும், ஆனால் எச்பிலிப் என்ற எச்பியின் லினக்ஸ் பிறின்டர் கருவியில் மேலதிக பிளகின் ஒன்றை ஒருமுறை இறக்க வேண்டும். எப்சன் எல் வரிசைக்கு லினக்ஸ் ட்ரைவரை எப்சனே வழங்குகிறது.

கடைசியாக, விண்டோஸ் 8.1 அல்லது 10 இல் இருந்து வருபவர்கள் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுங்கள். சாதாரணமாக அணைத்தால் அது அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். பிறகு மின்டில் அந்த டிஸ்க்கைச் செருகும்போது வாசிக்க மட்டும் விடும், எழுத விடாது.

பென் டிரைவ் செய்தல்

8 ஜிபி பென் டிரைவ் ஒன்று வேண்டும். அதில் உள்ளவை அழியும். மின்டின் ஐஎஸ்ஓ கோவை (நிறுவல் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோவை) ஏறத்தாழ 3 ஜிபி, விண்டோஸ் 10 உடையது அதைப்போல இரண்டு மடங்கு. கைபேசி டேட்டாவில் இரவுநேரப் பங்கு மிச்சம் இருக்கும் நாளில் இறக்கலாம். ஒருவர் இறக்கியதை ஊரில் பத்துப் பேர் பகிர்வதும் நல்லதே, ஒரு நிபந்தனையோடு: கைமாறி வந்த கோவையைச் சரிபார்க்காமல் பாவிக்காதீர்கள். 7-ஸிப் நிறுவியிருந்தால் ஐஎஸ்ஓவின்மேல் வலது கிளிக் செய்தாலே எஸ்எச்ஏ-256 எண்ணைக் கணித்துத் தரும். மின்ட் தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் கோவை குறைபட்டது, அல்லது யாரோ கைவைத்தது.

ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் சும்மா பிரதியெடுத்தால் எழும்பாது. ரூஃபஸ் என்ற சிறிய இலவசக் கருவியால் எழுதுங்கள். அதில் “பார்டிசன் ஸ்கீம்” என்று ஒரு தெரிவு உண்டு. டிஸ்க்கைப் பகுதி பிரிக்கும் எம்பிஆர், ஜிபிடி என்ற இரண்டு முறைகளில் ஒன்றைத் தெரிய வேண்டும். சிஸ்டம் இன்ஃபர்மேசனில் பயோஸ் மோட் “லெகசி” என்று கண்டிருந்தாலோ, விண்டோஸ் 7இல் அந்த வரியே இல்லாவிட்டாலோ எம்பிஆர். “யூஇஎஃப்ஐ” என்று கண்டிருந்தால் ஜிபிடி. நிறுவலில் வரும் பிழைகளில் பெரும் பங்கு இந்த ஒரு தெரிவில் முளைப்பவை.

நிறுவும் நாள்

காலையில் தொடங்குங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி வழமை. முழக்கம் கேட்டால் பிளக்கையும் றவுட்டர் கேபிளையும் கழற்றிவிட்டு இருக்க வேண்டியதுதான். அறிவிக்கப்பட்ட மின்தடை அன்று இல்லையா என்று பாருங்கள். எஸ்எஸ்டியில் நிறுவல் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 650 விஏ யூபிஎஸ் ஒன்று, அதன் பற்றரி நல்ல நிலையில் இருந்தால், பழைய டெஸ்க்டொப்பையும் எல்சிடி திரையையும் பத்து நிமிடமளவு தாங்கும். பற்றரி இரண்டு மூன்று வருடம் பழையது என்றால் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துப் பாருங்கள், பெயருக்கு யூபிஎஸ் வைத்திருப்பதில் பிரயோசனம் இல்லை.

யூபிஎஸ் இல்லையென்றாலும் பயப்பட ஒன்றும் இல்லை. நடுவில் கரண்ட் போனால் எஸ்எஸ்டியில் அரைகுறையாக எழுதியது வீண், அவ்வளவே. மீண்டும் தொடக்கத்தில் இருந்து போடலாம். பயோஸ் அப்டேட்டை மட்டும் இந்த வேலையோடு சேர்த்துச் செய்யாதீர்கள். அதன் நடுவில் கரண்ட் போனால் மதர்போட்டே செத்துவிடும், இந்த மேம்படுத்தலுக்கு அது தேவையும் இல்லை.

இனி வேலை:

1. பழைய ஹாட் டிஸ்க்கின் டேட்டா கேபிளையும் மின்முனையையும் கழற்றுங்கள். எஸ்எஸ்டியை மட்டும் கொடுங்கள். நிறுவும் புறோகிராம் “டிஸ்க் முழுவதையும் அழிக்கவா” என்று கேட்கும்போது அழிக்க அங்கே எஸ்எஸ்டி மட்டுமே இருக்க வேண்டும்.

2. பென் டிரைவைப் பின்பக்க யூஎஸ்பி துறையில் செருகுங்கள். முன்பக்கத் துறைகளின் வயர் பழைய பெட்டிகளில் தளர்ந்திருக்கும்.

3. எழுப்பியவுடன் டெல் அல்லது எஃப்2 விசையால் பயோஸுக்குள் போய்த் திகதி, நேரத்தைச் சரிசெய்யுங்கள். சாட்டா மோடில் இப்போது இருப்பதைக் குறித்து வையுங்கள், பழைய டிஸ்க்குக்குத் திரும்பினால் அதையே மீண்டும் போட வேண்டும். அங்கே “ஏஎச்சிஐ” (டிஸ்க்கோடு பேசும் புதிய முறை, பழையது ஐடிஇ) இருந்தால் இப்போதே அதைத் தெரிவுசெய்யுங்கள், ஓஎஸ் போட்ட பிறகு மாற்றினால் விண்டோஸ் எழும்பாது. ஜி31, ஜி41 இல் பெரும்பாலும் அந்தத் தெரிவே இராது, ஐடிஇயில் விடுங்கள். சேமித்து வெளியே வாருங்கள்.

4. மறுபடி எழும்பும்போது எஃப்12, எஃப்11 அல்லது எஃப்8. போட்டுக்குப் போட் மாறும், எழும்பும் திரையின் அடியில் எழுதியிருக்கும். எழும்பும் சாதனங்களின் பட்டியல் வரும். பென் டிரைவின் பெயர் இரண்டு தரம், ஒன்று “யூஇஎஃப்ஐ” என்ற முன்னொட்டோடு இருந்தால், ரூஃபஸில் ஜிபிடி தெரிந்தவர்கள் அதையும், எம்பிஆர் தெரிந்தவர்கள் முன்னொட்டு இல்லாததையும் தெரியுங்கள்.

5. மின்ட் என்றால் முதலில் பென் டிரைவிலேயே எழும்பி நிற்கும். உடனே நிறுவாதீர்கள். சத்தம், திரை அளவு, வைஃபை, பிறின்டர் எல்லாம் பத்து நிமிடம் சோதியுங்கள். திருப்தி என்றால் திரையில் உள்ள “இன்ஸ்டோல்” படத்தை அழுத்துங்கள். நேர வலயத்துக்குக் கொழும்பு. மல்டிமீடியா கோடெக் (பாட்டு, வீடியோ ஓட்டும் துணைப் புறோகிராம்கள்) பெட்டியில் சரி போட்டால் டேட்டா செலவாகும், பிறகும் போடலாம்.

6. விண்டோஸ் 10 என்றால் “கஸ்டம்” நிறுவலைத் தெரிந்து, எஸ்எஸ்டியின் வெற்றிடத்தைத் தெரிந்து நெக்ஸ்ட் கொடுங்கள். நேர வலயப் பட்டியலில் எங்கள் நாடு “ஸ்ரீ ஜயவர்தனபுர” என்று இருக்கும். முதல் முறை தானாக அணைந்து எழும்பும்போது பென் டிரைவில் இருந்து எழும்ப விடாதீர்கள், விட்டால் முதலில் இருந்து தொடங்கும்.

பிழை வந்தால்

“இந்த டிஸ்க்கில் விண்டோஸை நிறுவ முடியாது, எம்பிஆர் அட்டவணை உள்ளது” என்றோ “ஜிபிடி பாணி” என்றோ செய்தி வந்தால், பென் டிரைவைத் தவறான முறையில் எழுப்பியிருக்கிறீர்கள். டிஸ்க்கை மாற்ற ஓடாமல், மறுபடி எழுப்பிப் பட்டியலில் மற்றப் பெயரைத் தெரியுங்கள். அதுவும் இல்லையென்றால், இது வெறும் எஸ்எஸ்டிதானே, அதில் உள்ள பகுதிகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு வெற்றிடத்தில் போடுங்கள்.

மின்ட் பட்டியல் வந்த பிறகு திரை கறுத்து நின்றால் பெரும்பாலும் பழைய என்விடியா அட்டைதான் காரணம். அந்த முதற் பட்டியலிலேயே “கொம்பற்றிபிலிற்றி மோட்” உண்டு, அதால் எழுப்பி நிறுவுங்கள். மதர்போட்டிலேயே திரைத்துறை இருந்தால் அந்த அட்டையைக் கழற்றிவிடுவதே நல்லது. பத்து வருடம் பழைய மலிவு அட்டை சூட்டையும் மின்செலவையும் தவிரப் பெரிதாக எதையும் தராது.

ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் றாமைச் சந்தேகியுங்கள். றாமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐப் பென் டிரைவில் எழுதி ஒரு முழுச் சுற்று ஓடவிடுங்கள், ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த றாம் கூடாது. எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் பென் டிரைவைச் சந்தேகியுங்கள்.

எழும்பிய பிறகு

விண்டோஸ் 10இல் முதல் வேலை: இன்ரநெற் இணைப்பின் பண்புகளுக்குள் போய் “மீற்றேட் கனெக்சன்” (அளவு கணக்கிடப்படும் இணைப்பு) என்பதை இயக்குங்கள். இதைச் செய்யாமல் கைபேசி ஹொட்ஸ்பொட்டைக் கொடுத்தால் அப்டேட் ஒரே மூச்சில் மாத டேட்டாவைக் குடித்துவிடும். அப்டேட்டைப் பாடசாலை இணைப்பிலோ வரம்பில்லாத இணைப்பு உள்ள இடத்திலோ ஒருநாள் ஆறுதலாக இறக்குங்கள். மின்டில் அப்டேட் மனேஜர் உங்களைக் கேட்காமல் அப்டேட்டை இறக்காது; “சொஃப்ட்வெயார் சோர்சஸ்” பகுதியில் அருகில் உள்ள வேகமான சேர்வரைத் தெரிந்தால் நேரம் மிச்சம்.

வைஃபை டொங்கிளுக்கு ட்ரைவர் இல்லாமல் இன்ரநெற்றே வராவிட்டால், கைபேசியை யூஎஸ்பி கேபிளால் இணைத்து “யூஎஸ்பி டெதரிங்” போடுங்கள். அன்ட்ரொய்ட் கைபேசி என்றால் மின்டிலும் விண்டோஸ் 10இலும் தனி ட்ரைவர் இல்லாமலே வேலை செய்யும், அதைக் கொண்டு டொங்கிளின் ட்ரைவரை இறக்கலாம்.

தமிழ்த் தட்டச்சு அடுத்தது. மின்டில் ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையையும் அதன் எம்17என் தொகுதியையும் நிறுவினால் தமிழ்99, ஒலியியல் ஆகியவற்றோடு இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகையும் வந்துவிடும். பாமினியில் பழகிய விரல்களுக்கு அதுதான் கிட்டியது. சிங்களத்துக்கு விஜேசேகர உண்டு. எடுத்து வைத்த பாமினி எழுத்துருக் கோவையை மின்டில் சேர்க்க, வீட்டு ஃபோல்டரில் கன்ட்ரோல் விசையோடு எச் அழுத்தி மறைந்தவற்றைக் காட்டி, முன்னால் புள்ளி வைத்து “ஃபொன்ட்ஸ்” என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதற்குள் போடுங்கள். லிப்ரெஒபிஸை மூடித் திறந்தால் பழைய கடிதங்கள் தமிழாகத் தெரியும். புதிய கடிதங்களை யுனிகோட்டில் அடியுங்கள், அடுத்த முறை இந்தப் பாடு வராது.

பிள்ளைகளுக்கான பெட்டி என்றால் சாதாரண தரத் தகவல் தொழினுட்பத்துக்கு வேண்டிய பஸ்கல் மொழிக்கு ஃபிறீ பஸ்கல் மின்டின் சொஃப்ட்வெயார் மனேஜரில் இலவசமாகக் கிடைக்கும். உயர்தரத்துக்கு வேண்டிய பைதன் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது.

கோர் 2 டுவோ பெட்டிகளில் யூடியூப் பாட வீடியோ விக்கி விக்கி ஓடினால், காரணம் யூடியூப் அனுப்பும் புதிய வீடியோ வடிவத்தை அந்தப் புறோசசர் ஒற்றையாளாகப் பிரிக்க வேண்டியிருப்பது. பயர்பொக்ஸில் எச்264இஃபை என்ற சேர்க்கையைப் போட்டால் பழைய, இலகுவான வடிவத்தில் அனுப்பும். தரத்தை 480 இல் வையுங்கள், கரும்பலகை எழுத்து வாசிக்க அது போதும்.

பழைய டிஸ்க்கை எப்போது செருகுவது

எல்லாம் ஓடிய பிறகு அணைத்து, பழைய டிஸ்க்கை இரண்டாவதாகச் செருகி, பயோஸில் எஸ்எஸ்டி முதலில் எழும்பும்படி வரிசையைப் பாருங்கள். கோவைகளைப் பிரதியெடுங்கள், வெட்டி ஒட்டாதீர்கள். விண்டோஸ் 10 “அனுமதி இல்லை” என்று சொன்னால் “கன்டினியூ” கொடுத்துப் பொறுத்திருங்கள், கோவைகள் கனக்க இருந்தால் நேரம் எடுக்கும்.

பிரதி முடிந்ததும் மறுபடி கழற்றி, “விண்டோஸ் 7” என்று எழுதித் திகதியும் போட்டு ஒரு கடதாசியை அதன்மேல் ஒட்டி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பாடசாலை என்றால் ஒரு தவணை முடியும்வரை, சங்க அலுவலகம் என்றால் வருடக் கணக்காய்வு முடியும்வரை அது இருக்கட்டும். அதற்குள் எது விடுபட்டது என்று தெரிந்துவிடும். பிறகு சி5 வரியில் பூச்சியம் இருந்தால் அழித்து, மாதம் ஒருமுறை கோவைகளைப் பிரதியெடுக்கும் டிஸ்க்காகப் பாவியுங்கள். எண் ஏறியிருந்தால் எதையும் அதில் எழுதாதீர்கள்.